மூன்று மெஷினும் நான்கு சரியும்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்து. நன்னிலத்துக்குத் தெற்கே, எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் மூன்று அறுவடை மெஷின்கள் நின்றன. கரையின் அகலம் ஒரு மெஷினுக்குத்தான் காணும். அதற்கும் ஓட்டுகிறவர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும்.

கிழக்கே மெயின் ரோட்டுப் பாலத்திலிருந்து வந்தது சிவப்பு மெஷின். மேற்கே கோயில் பக்கமிருந்து வந்தது பச்சை மெஷின். இரண்டும் மூக்கோடு மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்றன. நடுவே ஒரு முழ இடைவெளியில் ஒரு ஆடு நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்புக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு மஞ்சள் மெஷின். விஷயம் புரியாமல் விடாது ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது அதுதான்.

கரையிலிருந்து வயலுக்கு இறங்குகிற சாய்வு ஒன்றே ஒன்று. அது சரியாக மஞ்சள் மெஷின் நின்ற இடத்தில் இருந்தது.

என் தம்பி சேகர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். கோபமாக இருக்கிறான் என்றால் அவன் மெதுவாகப் பேசுவான். அன்று மிக மெதுவாகப் பேசினான்.

"யக்கா. நம்ம வயலு ஒம்போது மா. எத்தன ஊரு அறுக்கப் போறோம்?"

நான் கைப்பையிலிருந்து டைரியை எடுத்தேன்.

"அத உள்ள வையி மொதல்ல" என்றான்.

மூன்று மா ஒரு ஏக்கர். எனவே ஒன்பது மா என்பது மூன்று ஏக்கர், ஒரு மெஷினுக்கு அரை நாள் வேலை. ஆனால் அன்று சாயங்காலம் மழை என்று ரேடியோ, டிவி, ஃபோன், பாலத்து டீக்கடை என எல்லா இடத்திலும் சொல்லியிருந்தார்கள். முந்தின வருஷம் இதே தை மாதத்தில் பெய்த மழையில் கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, நெல் வயலிலேயே முளைத்துவிட்டது. இந்த வருஷமும் அப்படியானால் பயிரை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவதாகச் சேகர் சொல்லியிருந்தான். அவன் சும்மா எதையும் சொல்கிறவன் இல்லை.

அந்த மூன்று மெஷின்களில் இரண்டை வரவழைத்தது நான்.

அட்டவணை

என் டைரிகளைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அவற்றின் கடைசிப் பத்துப் பக்கங்களைப் பற்றி எழுதவில்லை. கொஞ்சம் கூச்சம்தான் காரணம்.

தஞ்சாவூருக்கு அருகே ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாடம் நடத்துகிறேன். வலங்கைமானிலிருந்து தினமும் பஸ். பாடத்தில் ஒரு பகுதி, அனுப்பிய செய்திக்குப் பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. இணையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு எதை அனுப்பினாலும் சிறு சிறு பாக்கெட்டுகளாக அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் 'வந்து சேர்ந்தது' என்று எதிர்முனை பதில் தர வேண்டும். பதில் வர இதுவரை சராசரியாக எவ்வளவு நேரம் ஆனது, அந்த நேரம் எவ்வளவு முன்னே பின்னே ஆடுகிறது, இந்த இரண்டையும் அனுப்புகிற கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். சராசரியோடு, ஆட்டத்தை நான்கால் பெருக்கிக் கூட்டினால் கெடு. கெடு தாண்டினால் பாக்கெட் தொலைந்தது என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பும்.

இதை முதன்முதலாகப் படித்தபோது, இவ்வளவு ஒழுங்கான யோசனையை ஏன் கம்ப்யூட்டர்கள் மட்டும் அனுபவிக்க வேண்டும் என்று தோன்றியது. டைரியின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு உறவினருக்கும் ஒரு வரி போட்டேன். பெயர், பதில் வரும் சராசரி நேரம், ஆட்டம், கெடு.

என் நாத்தனார்: சராசரி மூன்று நிமிடம், ஆட்டம் ஒரு நிமிடம், கெடு ஏழு நிமிடம். ஏழு நிமிடத்தில் பதில் வராவிட்டால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஒரு முறை அப்படித்தான் இருந்தது.

என் கணவர்: பக்கத்து அறையில் இருந்தால் சராசரி நான்கு மணி நேரம்.

என் தம்பி சேகர்: சராசரி நாற்பது நிமிடம், ஆட்டம் பத்து, கெடு எண்பது.

சேகரின் இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் மெயின் ரோட்டுப் பாலத்தடியில் மட்டும்தான் டவர் கிடைக்கும். சேகர் வழக்கமாக நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் பாலத்து டீக்கடைக்கு வருவான். ஆக நான் இத்தனை வருஷமாக அளந்து வைத்திருந்தது அவன் டீ குடிக்கிற இடைவெளியை.

புதன்கிழமை நடந்தது

டைரியில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

காலை 8.10: சேகருக்குச் செய்தி. "வெள்ளிக்கிழமை மழைக்கு முன்னாடி அறுத்துடணும். மெஷின் சொல்லிடு."

9.30: கெடு முடிந்தது. பதில் இல்லை. அதே செய்தி மறுபடி. முறைப்படி, மறுபடி அனுப்பினால் அடுத்த கெடுவை இரட்டிப்பாக்க வேண்டும். நூற்று அறுபது நிமிடம்.

12.10: பதில் இல்லை. மறுபடி. கெடு முந்நூற்று இருபது நிமிடம்.

5.30: பதில் இல்லை. நான்காவது செய்தி. "நானே சொல்லிடுறேன்."

ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நான்கு தடவை போட்டேன். நான்கு தடவையும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தான். தம்பி மனைவியைக் கேட்கலாம் என்றால் அவள் தன் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தாள். அங்கே மேளச்சத்தத்தில் அவள் "நல்லாருக்கேன் அண்ணி, நல்லாருக்கேன் அண்ணி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

5.40: எங்கள் லேப் உதவியாளர் பாக்கியத்திடம் சொன்னேன். பாக்கியத்தின் கொழுந்தன் மெஷின் ஏஜெண்ட்.

"அதுக்கென்ன டீச்சர், சொல்லிட்டா வந்துடப் போவுது" என்றாள். கொழுந்தனுக்குச் செய்தி போட்டாள். கொழுந்தன் எனக்குப் புதியவர் என்பதால் அட்டவணையில் வரி இல்லை. பொதுவாக ஒரு மணி நேரம் கெடு கொடுத்தேன்.

6.40: கொழுந்தனிடமிருந்து பதில் இல்லை.

இந்த இடத்தில் என் கணவர் வந்து சேர்ந்தார். அவர் வலங்கைமானில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். முப்பது வருஷமாகக் கல்யாணம் எடுத்ததில் எல்லாத் தொழிலிலும் அவருக்கு ஒரு மாப்பிள்ளையைத் தெரியும்.

"மெஷின்தானே? நம்ம பிரெண்டு ஒருத்தர் இருக்காரு. ரிசப்ஷன் ஆல்பம் நாந்தான் போட்டேன்."

6.45: மூன்றாவது மெஷினும் சொல்லியாயிற்று.

இத்தோடு நிறுத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. பதில் வராதபோது கம்ப்யூட்டர் இன்னொரு காரியமும் செய்யும். வழியில் ஏதோ நெரிசல் என்று நினைத்து, அனுப்புகிற அளவையும் சட்டென்று ஒன்றாகக் குறைத்துவிடும். பிறகு மெல்ல மெல்லத்தான் கூட்டும். நானும் குறைத்தேன். நெல் ஏற்ற மூன்று டிராக்டர் வேண்டுமென்று, டிராக்டர் வாடகைக்கு விடும் குமரேசனிடம் திங்கட்கிழமையே சொல்லியிருந்தேன். மெஷினே நிச்சயமில்லாதபோது மூன்று டிராக்டரை எதற்குக் காக்க வைக்க வேண்டும்?

6.50: குமரேசனுக்குச் செய்தி. "ஒண்ணு போதும்."

இரண்டு பத்திரிகை

இது ஒன்றும் எனக்குப் புதிதில்லை. எங்கள் குடும்ப வழக்கமே இப்படித்தான்.

என் கல்யாணத்துக்கு அப்பா மயிலாடுதுறைப் பக்கத்து அத்தை ஒருவருக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பினார். பத்து நாளாகியும் பதில் இல்லை. தபால் தொலைந்துவிட்டது என்று முடிவு செய்து இன்னொரு பத்திரிகை அனுப்பினார். பிறகு அத்தையிடமிருந்து ஒரு கார்டு வந்தது. எழுத்து மணி மணியாக இருக்கும்.

'பத்திரிகை இரண்டு வந்து சேர்ந்தது. எங்களுக்கு ஒன்று போதும். இரண்டாவதை வீணாக்க வேண்டாமென்று எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன். அவர்களும் வருகிறார்கள்.'

வந்தார்கள். ஐந்து பேர். முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் மேடையில் எனக்கு இடது பக்கம் பச்சைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்பவர் எதிர்வீட்டுக்காரர். இன்றுவரை அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது.

இதை நான் வகுப்பில் வருஷாவருஷம் சொல்வேன். காரணம், அத்தை செய்த காரியத்தை இணையமும் செய்கிறது. கெடு தாண்டி மறுபடி அனுப்புகிறோம். பாக்கெட் உண்மையில் தொலையவில்லை, தாமதம்தான் என்றால் அந்த மறுபடி வீண். வீண் என்று அனுப்பியவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வழி, பெற்றவரே 'இது எனக்கு இரண்டாம் தடவை வருகிறது' என்று சொல்லிவிடுவது. அத்தையின் கார்டு அதுதான். எதிர்வீட்டில் கொடுப்பது மட்டும் பாடத்தில் கிடையாது.

இரண்டாவது வழி, அனுப்பும்போதே ஒவ்வொன்றிலும் நேரத்தைக் குறித்து அனுப்புவது. பதில் போடுகிறவர் அந்த நேரத்தையும் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். அப்போது பதில் முதலில் அனுப்பியதற்கா, மறுபடி அனுப்பியதற்கா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். முதலில் அனுப்பியதற்குத்தான் என்றால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். குறைத்த அளவைப் பழையபடி கூட்டிவிடலாம்.

இந்த வழியை ஒரு தடவை சேகரிடம் சொல்லிப் பார்த்தேன். பதில் போடும்போது நான் அனுப்பிய நேரத்தையும் சேர்த்துப் போடு என்றேன்.

"எட்டுப் பத்துக்கு நீ கேட்டதுக்கு சரி, அப்டின்னு போடணுமா?"

"ஆமா."

"கோர்ட்டுலயா நிக்கிறேன்?"

அதோடு அந்த யோசனை போயிற்று.

நான்கு சரி

வியாழக்கிழமை காலை 6.50. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஃபோன் டிங் டிங் டிங் டிங் என்று நான்கு முறை அடித்தது. சேகர்.

"சரி."
"சரி."
"சரி."
"சரி."

நான்கு செய்திகள், நான்கு சரி. ஒன்றுக்கு ஒன்று நேராக வைத்துப் பார்த்தேன். முதல் மூன்று சரி, மெஷின் சொல்லிடு என்றதற்கு. நான்காவது சரி, நானே சொல்லிடுறேன் என்றதற்கு. ஆக என்னிடமே விட்டுவிட்டான். நான்கு முறை சரி சொன்னவனை மறுபடி கேட்பது மரியாதையில்லை என்று கேட்கவில்லை. மேலும் ஒன்பது மணிக்கு வகுப்பு இருந்தது. அன்றைய பாடம் என்ன என்று சொல்ல விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமை கரையில் நின்று இதை விளக்கியபோது சேகர் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"நீ கேட்டப்பவே சரின்னு போட்டேங்க்கா. புதன்கெழம காலைல, பாலத்துலேந்து வயலுக்குப் போற வழில. அது போவாம கடியாரம் சுத்திக்கிட்டே நின்னுச்சு. சரி போவல போலன்னு இன்னொரு தடவ அமுக்குனேன். அதுவும் நின்னுச்சு. இன்னும் ரெண்டு தடவ அமுக்கிட்டு சட்டப்பைல போட்டு மரத்துல மாட்டிட்டேன். அன்னிக்கி பூரா வயலு தண்ணிய வடிய வெட்டிக்கிட்டு இருந்தேன். பாலத்துப் பக்கமே வரல. வியாழக்கெழம காலைல பாலத்தத் தாண்டுனப்ப அதுவாப் போயிருக்கும்."

"அப்ப நாலு சரியும் மொத செய்திக்கா?"

"ஒனக்கு வேற செய்தி வேற உண்டா?"

மற்ற மூன்றையும் அவன் அதுவரை படிக்கவே இல்லை. கரையில் நின்றபடி ஃபோனை எடுத்துப் படித்துவிட்டு, "நானே சொல்லிடுறேன்" என்ற வரிக்கு வந்ததும் மெஷின்களைப் பார்த்தான். பச்சை. மஞ்சள். "ஓ" என்றான்.

நான் மட்டுமில்லை, அவனும் தேவையில்லாமல் மறுபடி அனுப்பியிருக்கிறான். இதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. அதைச் சொல்லவும் செய்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நா அனுப்புனது சரி. நீ அனுப்புனது மெஷினு."

பின்னால் வரலாம்

சேகரின் ஏற்பாடு எல்லாம் கச்சிதமாக இருந்தது. எங்கள் வயல் நடுவில் இருக்கிறது. அதற்குத் தனி வழி கிடையாது. கரையோரம் இருப்பது தங்கராசுவின் வயல். அதை அறுத்தால்தான் அதன் மேல் மெஷினை ஓட்டி எங்கள் வயலுக்குப் போக முடியும். டெல்டாவில் பாதி வயல்கள் இப்படித்தான். அதனால் சேகர் செவ்வாய்க்கிழமையே தங்கராசுவைப் பேசிச் சம்மதிக்க வைத்து, சிவப்பு மெஷினும் சொல்லியிருந்தான். பனி காய்ந்ததும் பத்து மணிக்குத் தங்கராசு வயல், மதியத்திலிருந்து எங்கள் வயல், ஐந்து மணிக்குள் முடித்துவிடலாம். மழை ஆறு மணிக்கு மேல்.

இப்போது சிவப்பு பத்தடி பின்னால் வந்தால்தான் சாய்வில் இறங்க முடியும். மஞ்சள் பாலம் வரைக்கும் பின்னாலேயே போனால்தான் சிவப்புக்கு இடம்.

சேகர் மஞ்சள் மெஷினைச் சுற்றி வந்து அதன் கீழே பார்த்தான்.

"இது டயர் மெஷினு. சேத்துல எப்டி எறங்கும்? பெல்ட் மெஷினல்ல சொல்லணும்? யாரு சொன்னது இத?"

என் கணவர் மேகத்தைப் பார்த்தார்.

"மச்சான், நீங்களா?"

"கலர் நல்லா இருந்துச்சு" என்றார்.

அவர் தவறைச் சரி செய்ய முன்வந்தார். மஞ்சள் மெஷினுக்குப் பின்னால் போய் நின்று கையைக் காட்டினார். முப்பது வருஷத் தொழில் கையிலும் வாயிலும் ஊறியிருக்கிறது.

"வாங்க, வாங்க, கொஞ்சம் லெப்ட். போதும். மொகத்த நிமித்துங்க. அப்டியே இருங்க. ஆடாம."

டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, போறதா நிக்கறதா?"

"இப்டியே நல்லாருக்கு" என்றார் இவர்.

ஒன்பது இருபதுக்குத் தொடங்கியது. பாலத்தை அடைந்தபோது பதினொன்று ஐம்பது. நடுவில் ஒரு சக்கரம் கரையை விட்டு இறங்கிவிட, பச்சை மெஷினிலிருந்த இழுவைச் சங்கிலியைக் கொண்டுவந்து சிவப்பில் கட்டி இழுத்தோம். பச்சையும் மஞ்சளும் ஊருக்கு வெளியே போவதற்குள்ளேயே பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் மோட்டார் பைக்கில் வந்து வழிமறித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மழைக்கு முன் மெஷின் கிடைக்காமல் தவித்தவர்கள். எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நாங்களும் கும்பிட்டோம்.

சிவப்பு மெஷின் தங்கராசு வயலில் இறங்கியபோது மணி பன்னிரண்டு. இரண்டு மணி நேரம் போய்விட்டது.

வயிறு நிறைந்த மெஷின்

மெஷின் அறுத்து, அடித்து, நெல்லைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்தால் டிராக்டர் டிரெய்லரில் கொட்ட வேண்டும். டிரெய்லர் இல்லாவிட்டால் கொட்ட இடமில்லை, அப்படியே நிற்கும்.

மதியம் ஒன்று ஐந்துக்கு அது நின்றது.

குமரேசன் ஒரு டிராக்டர் அனுப்பியிருந்தார், நான் சொன்னபடியே. அது தங்கராசுவின் நெல்லை ஏற்றிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் களத்துக்குப் போயிருந்தது. போய்த் திரும்ப ஒரு மணி நேரம். அதுவரை மெஷின் சும்மா நிற்கும். வந்து ஏற்றிக்கொண்டு போனதும் மறுபடி நிற்கும். சேகர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். இப்படியே போனால் எங்கள் வயலில் பாதியைத் தொடும்போது இருட்டிவிடும்.

வரப்பில் உட்கார்ந்து தெற்கே பார்த்தான். அங்கே வானம் ஈயச்சட்டி நிறத்தில் இருந்தது.

இன்னும் இரண்டு டிராக்டர் உடனே வேண்டும். நான் குறைத்ததை நான்தான் கூட்ட வேண்டும். கணவரையும் கூட்டிக்கொண்டு பாலத்தடிக்கு நடந்தேன்.

1.20: குமரேசனுக்கு ஃபோன். அடித்தது, எடுக்கவில்லை. செய்தி போட்டேன். "மூணும் வேணும். உடனே."

1.40: பதில் இல்லை. முறைப்படி ஒரே ஒரு தடவை மறுபடி அனுப்பினேன்.

1.50: பதில் இல்லை.

"நம்ம பிரெண்டு ஒருத்தர் டிராக்டர் வச்சிருக்காரு" என்றார் என் கணவர். "சீமந்தம் எடுத்தேன். மன்னார்குடிப் பக்கம்."

அந்த நொடியில் எனக்கு வந்த ஆசையை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆம் என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. இன்னும் மூன்று டிராக்டர், ஐந்து டிராக்டர் சொல்லலாம், யாராவது ஒருவர் வராமலா போவார்? ஆனால் கண்ணை மூடினால் கரையில் ஆறு டிராக்டர் மூக்கோடு மூக்கு நின்றது. தங்கராசு வயலில் பாதி அறுத்த தடம் ஒன்றுதான் இருந்தது. அதில் இரண்டு வண்டி எதிரெதிரே மாட்டிக்கொண்டால் அன்றைக்கு அறுப்பே கிடையாது. சொல்லாமல் இருந்து, குமரேசனும் வராவிட்டாலும் அறுப்பு கிடையாது.

குமரேசனுக்குச் செய்தி போகவில்லையா, போய்ப் பதில்தான் வரவில்லையா? இது தெரிந்தால் போதும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. முதல் இரண்டும் பெற்றவரின் ஒத்துழைப்பைக் கேட்பவை. இரண்டாம் தடவை வந்தது என்று அவர் சொல்ல வேண்டும், அல்லது நேரத்தைத் திருப்பி எழுத வேண்டும். மூன்றாவதற்கு அதெல்லாம் வேண்டாம். பழையதை ஒரு தடவை மறுபடி அனுப்பியாயிற்று. இனி அதையே அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது. இதுவரை அனுப்பாத புதிய ஒன்றை அனுப்பிவிட்டு, வருகிற பதிலை மட்டும் கவனிக்க வேண்டும். நாம் மறுபடி அனுப்பாதவற்றுக்கெல்லாம் பதில் வந்துகொண்டிருந்தால், எதுவும் தொலையவில்லை, அவசரப்பட்டது நாம்தான்.

புதிதாகக் குமரேசனிடம் என்ன கேட்பது? எதுவும் தோன்றவில்லை. டீக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1.52: குமரேசனுக்குச் செய்தி. "டீ எத்தனை பேருக்கு சொல்ல?"

அனுப்பிவிட்டு ஃபோனைக் கடை பெஞ்சில் திரையைக் கவிழ்த்து வைத்தேன். கணவர் அதை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க."

"மன்னார்குடிக்காரரு..."

"வேணாங்க."

காற்று திரும்பியது. டீக்கடைத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. தூரத்தில் மெஷின் நின்றே இருந்தது. சேகரின் வெள்ளைப் பனியன் மட்டும் வரப்பில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவன் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தான். என் வாழ்க்கையில் எதையும் செய்யாமல் இருந்த நிமிடங்களில் இவ்வளவு நீளமானவை வேறு இல்லை.

1.58: டிங்.

குரல் செய்தி. பின்னணியில் எஞ்சின் சத்தம் காதைப் பிய்த்தது. அதற்கு மேல் குமரேசன் கத்தினார்.

"ஏழு பேருக்கு டீச்சர். ஒண்ணு மட்டும் சக்கர இல்லாம."

நான் விரல் விட்டு எண்ணினேன். ஒரு டிராக்டருக்கு டிரைவர் ஒருவர், ஏற்றி இறக்க ஒருவர். ஒரு டிராக்டர் என்றால் இரண்டு டீ. இரண்டு டிராக்டர் என்றால் நான்கு. மூன்று டிராக்டருக்கு ஆறு. ஏழாவது, குமரேசன். அவருக்குச் சர்க்கரை வியாதி.

"மூணும் வருது" என்றேன்.

"அப்டியா சொன்னாரு?" என்றார் கணவர். "டீயல்ல சொன்னாரு?"

இரண்டு பத்துக்கு ரோட்டு வளைவில் இரண்டு டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் டிராக்டரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த குமரேசன் பாலத்தில் இறங்கினார்.

"பதிலே போடலியே குமரேசன்" என்றேன். ரொம்பவும் அடக்கிக்கொண்டுதான் கேட்டேன்.

"வாங்கன்னீங்க, வந்துகிட்டு இருக்கோம். வர்றவன் எதுக்கு டீச்சர் வர்றேன்னு போடணும்? வந்தா தெரியப் போவுது. டீ கேட்டீங்க, அதுக்கு எண்ணிக்க சொல்லணும்ல. இல்லன்னா கொறைவா போட்டுருவான் இவன்."

டீக்கடைக்காரர் அதை ஆட்சேபித்தார். எனக்கு நின்று கேட்க நேரமில்லை.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கி, அதன்பிறகு நிற்கவே இல்லை. ஒரு டிராக்டர் களத்துக்குப் போகும்போது ஒன்று வந்துகொண்டிருந்தது, ஒன்று மெஷினோடு பக்கத்திலேயே ஓடியது. மூன்று மணிக்கு எங்கள் வயலில் இறங்கினார்கள். ஐந்தரைக்கு வானம் முழுவதும் இருண்டுவிட்டது. கடைசி மா அறுக்கும்போது மெஷின் விளக்கைப் போட்டுக்கொண்டது. ஆறு ஐந்துக்குக் கடைசி டிரெய்லர் களத்துக்கு வந்தது. சேகர், தங்கராசு, குமரேசன், குமரேசனின் ஆட்கள், என் கணவர், நான், எல்லோரும் தார்ப்பாயின் ஒவ்வொரு மூலையைப் பிடித்து இழுத்து, நெல்லின் மேல் போட்டு, கல் வைத்தோம். கடைசிக் கல்லை வைத்தபோது என் கையில் முதல் சொட்டு விழுந்தது.

மழை கொட்டியது. தார்ப்பாய் மேல் அது விழுகிற சத்தத்தில் பேச முடியவில்லை. எல்லோரும் களத்துக் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். சேகர் தலையைத் துவட்டாமல் அந்தத் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மூலையிலும் தண்ணீர் போகவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"யக்கா. வெதநெல்லுக்குத் தனியா ரெண்டு மூட்ட எடுத்து வைக்கணும். அடுத்த வருசத்துக்கு. மறந்துடாம எழுதிக்க."

டைரியை எடுத்து எழுதினேன். 6.20.